குஞ்சு சாவது விதியல்ல, விடியற்காலைக் குளிர்

“கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?” என்று கிராமத்தில் கேட்பார்கள். தாய்க் கோழியின் கால் பட்டுக் குஞ்சு சாவதில்லை என்பது உண்மைதான். ஆனால் தாயில்லாத குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்துச் சாகின்றன. இன்று சிறு விவசாயிகள் பணம் கொடுத்து வாங்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை குஞ்சு பொரிப்பகத்தில் இயந்திரத்தில் பொரித்து, அட்டைப் பெட்டியில் வந்து சேருபவை. தாயின் இறக்கையை அவை கண்டதே இல்லை. அந்த இறக்கையின் வேலையை விவசாயிதான் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை மார்கழி மாதத்தில் பல வீடுகளில் பார்க்கலாம்.

மாலையில் 100 நாட்டுக் கோழிக் குஞ்சுகள் வந்து சேருகின்றன. கொட்டகையின் ஒரு மூலையில் சாக்கு விரித்து, மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, தீவனமும் தண்ணீரும் வைத்துவிட்டு விவசாயி படுக்கப் போகிறார். அப்போது குஞ்சுகள் நன்றாகவே ஓடித் திரிகின்றன. காலையில் கதவைத் திறந்தால் மூலையில் ஒரு குவியல். மேலே இருப்பவை உயிரோடு இருக்கின்றன. அடியில் ஏழெட்டு நசுங்கிக் கிடக்கின்றன. மறுநாள் நான்கு, அதற்கு மறுநாள் ஐந்து. மிஞ்சியவற்றின் பின்புறத்தில் வெள்ளையாக எச்சம் ஒட்டியிருக்கிறது. கழிச்சல் நோய் என்று முடிவு கட்டி, கடையில் கொடுத்த மருந்தை வாங்கித் தண்ணீரில் கலக்குகிறார். பத்து நாளில் நூறு அறுபதாகிறது. நோய்க் குஞ்சைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்கிறார் விவசாயி. வளர்க்கத் தெரியவில்லை என்கிறார் குஞ்சு விற்றவர். விடியற்காலை 4 மணிக்கு அந்த மூலையில் எத்தனை டிகிரி உஷ்ணம் இருந்தது என்று மட்டும் இருவரும் கேட்பதில்லை.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். முதல் இரண்டு வாரங்களில் குஞ்சுகள் சாவதை விதி என்றோ, “பத்துக்கு இரண்டு போகத்தான் செய்யும்” என்றோ ஒப்புக்கொள்ளும் பழக்கம் நீங்க வேண்டும். தீவனத்துக்கும் மருந்துக்கும் செலவிடத் தயங்காத விவசாயிகள், கதகதப்புக்குச் செலவிடத் தயங்குகிறார்கள். கதகதப்பு இல்லாத இடத்தில் தீவனமும் மருந்தும் வீண் என்பது பலருக்கும் இன்னும் உறைக்கவில்லை.

குஞ்சுக்கு ஏன் இவ்வளவு சூடு?

நன்கு வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 106 டிகிரி பாரன்ஹீட். அன்று பொரித்த குஞ்சின் உடல் வெப்பம் அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவு. அதைவிட முக்கியம், அந்த வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறமை குஞ்சுக்கு இன்னும் வரவில்லை. உடம்பின் மேல் இருப்பது மெல்லிய தூவிதான். குளிரைத் தாங்கும் இறகு அல்ல. இறகு முளைத்து, உடல் தன் வெப்பத்தைத் தானே சரி செய்துகொள்ள இரண்டு மூன்று வாரங்கள் ஆகும்.

உடல் சிறிதாக இருப்பதும் ஒரு குறை. அண்டாவில் உள்ள வெந்நீர் நெடுநேரம் சூடாக இருக்கும். டம்ளரில் ஊற்றிய வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடும். நாட்டுக் கோழிக் குஞ்சு பொரித்த அன்று ஏறக்குறைய 30 கிராம்தான் இருக்கும். காடைக் குஞ்சோ பத்து கிராம்கூட இராது. ஆகவே கோழிக் குஞ்சைவிடக் காடைக் குஞ்சு குளிருக்கு இன்னும் விரைவில் பலியாகிறது.

“நாட்டுக் குஞ்சுக்கு விளக்கு எதற்கு? தாய்க் கோழி என்ன கரண்டா வைத்தது?” என்று கேட்பவர்கள் உண்டு. தாய்க் கோழி விளக்கைவிட மேலான ஏற்பாட்டை வைத்திருக்கிறது. குஞ்சு வெளியே வந்து சிறிது நேரம் கொத்தித் தின்னும். உடம்பு சில்லிட்டதும் தாயின் அடிவயிற்றுக்குள் புகுந்துகொள்ளும். சூடேறியதும் மீண்டும் வெளியே வரும். இரவு முழுவதும் தாயின் உடல் வெப்பமே குஞ்சுகளுக்குப் போர்வை. அசீல் ஆனாலும் கடக்நாத் ஆனாலும், பொரித்த குஞ்சுக்கு இந்தக் கதகதப்பு வேண்டும். நோயைத் தாங்கும் இனம் என்பதால் முதல் வாரக் குளிரையும் தாங்கும் என்று எண்ணுவது தவறு.

பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் மட்டும் வளர்ப்பவருக்கு விளக்கே தேவையில்லை. வீட்டில் அடைக் கோழி இருந்தால், இரவு நேரத்தில் அதன் அடியில் குஞ்சுகளை ஒவ்வொன்றாக நுழைத்துவிட்டு, காலையில் அது ஏற்றுக்கொண்டதா என்று பார்த்தால் போதும். பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும். ஐம்பது, நூறு என்று வாங்குபவர்தான் தாய்க் கோழியின் இடத்தில் தாம் நிற்பதை உணர வேண்டும்.

நோய் என்று ஏமாறுவது

பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாட்களுக்கு அதற்கு உணவாகிறது. தாயிடமிருந்து வரும் நோய் எதிர்ப்புச் சத்தும் அதில் இருக்கிறது. கதகதப்பாக இருக்கும் குஞ்சு ஓடியாடித் தீவனம் தின்னும்; மஞ்சள் கருவும் நன்கு கரைந்து உடலில் சேரும். குளிரில் நடுங்கும் குஞ்சு தீவனத் தட்டின் பக்கமே போகாது; மற்றக் குஞ்சுகளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். மஞ்சள் கரு கரையாமல் வயிற்றில் தங்கிக் கெட்டுப் போகும். செரிமானம் கெட்டு, எச்சம் பின்புறத்தில் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

இந்த வெள்ளை எச்சத்தைக் கண்டுதான் இராணிக்கெட் என்னும் வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டதாக விவசாயிகள் பயப்படுகிறார்கள். உடனே கண்ட மருந்தையும் கொடுக்கிறார்கள். குளிரால் வந்த கேட்டுக்கு மருந்து என்ன செய்யும்? முதல் வாரத்தில் போடும் தடுப்பு மருந்துகூட, நடுங்கிச் சோர்ந்த குஞ்சுக்கு முழுப் பலனைத் தருவதில்லை.

வெள்ளை எச்சம் எல்லாமே குளிரால் வருவது என்றும் சொல்ல முடியாது. முட்டை வழியாகத் தாயிடமிருந்து வரும் கிருமி நோய்களிலும் இப்படி எச்சம் ஒட்டும். எனவே முதலில் உஷ்ணத்தைச் சரி செய்ய வேண்டும். உஷ்ணம் சரியாக இருந்தும் சாவு நிற்கவில்லை என்றால், இறந்த குஞ்சுகளைக் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று பரிசோதித்த பிறகே மருந்து வாங்க வேண்டும். இந்த வரிசை மாறுவதால்தான் பணமும் போகிறது, குஞ்சும் போகிறது.

குளிரில் பிழைத்த குஞ்சும் நஷ்டமே தருகிறது. முதல் வாரத்தில் தின்னாமல் வாடிய குஞ்சு, பிறகு எவ்வளவு தீவனம் போட்டாலும் மற்றவற்றோடு சமமாக வளருவதில்லை. ஒரே நாளில் வாங்கிய கோழிகளில் சில பெரிதாகவும் சில பொடியாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வியாபாரி எடுக்க வரும்போது பொடிக் கோழிகளைத் தள்ளிவிடுவார். செத்த குஞ்சின் நஷ்டம் கண்ணுக்குத் தெரியும். இந்த நஷ்டம் தெரிவதில்லை.

எத்தனை டிகிரி, எத்தனை நாள்?

முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 டிகிரி சென்டிகிரேடு இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி பாரன்ஹீட் வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். இரண்டாம் வாரம் 90, மூன்றாம் வாரம் 85, நான்காம் வாரம் 80. அதற்குள் இறகு முளைத்துவிடும். சாதாரணக் கொட்டகை வெப்பமே போதும்.

வெப்பமானியைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவதால் பயனில்லை. ஆள் உயரத்தில் காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது குஞ்சுக்குத் தேவையில்லாத விவரம். விளக்குக் கூடையின் ஓரத்தில், கூளத்துக்கு மேலே 2 அங்குல உயரத்தில், குஞ்சின் முதுகு இருக்கும் மட்டத்தில் வெப்பமானி தொங்க வேண்டும். குஞ்சு நிற்பது தரையில் என்பதால் தரை குளிர்ந்திருந்தால் மேலே எரியும் விளக்கால் முழுப் பலன் கிடைக்காது. சிமெண்டுத் தரையில் 2 அங்குலத்துக்குக் குறையாமல் உலர்ந்த உமியோ நிலக்கடலைத் தொலியோ பரப்ப வேண்டும். குஞ்சு வருவதற்கு ஒரு நாள் முன்பே விளக்கைப் போட்டுத் தரையையும் கூளத்தையும் சூடேற்றி வைக்க வேண்டும். குஞ்சுப் பெட்டி வந்த பிறகு பல்பு வாங்கக் கடைக்கு ஓடுபவர், அந்த நேரத்திலேயே சில குஞ்சுகளை இழந்துவிட்டார் என்று கொள்ளலாம்.

பலர் தவறுவது கடிகாரத்தில். மாலை 6 மணிக்கு விளக்கின் உயரத்தைச் சரி செய்துவிட்டு, இரவு முழுவதும் அதுவே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இரவில் குளிர் ஏறிக்கொண்டே போய், சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான் உச்சத்தை அடைகிறது. மார்கழி விடியலில் தருமபுரி, சேலம் போன்ற உள்மாவட்டங்களில் 65 டிகிரி பாரன்ஹீட் வரை இறங்குவது உண்டு. குஞ்சுக்குத் தேவையோ 95. இந்த 30 டிகிரி வித்தியாசத்தை மாலையில் பொருத்திய உயரத்திலிருந்து விளக்கு ஈடு செய்யாது. இரவு 10 மணிக்கு ஒரு முறை, 2 மணிக்கு ஒரு முறை, விடியற்காலை 4 மணிக்கு ஒரு முறை எழுந்து பார்ப்பவரின் குஞ்சுகள் பிழைக்கின்றன. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். தரையில் நிற்கும் குஞ்சை அது முதலில் துளைக்கும்.

கோடையில் நிலைமை வேறு. கரூர், திருச்சி, வேலூர் பக்கங்களில் சித்திரை மாதப் பகலில் 100 டிகிரிக்கு மேல் போகும்போது விளக்குத் தேவையில்லை, எரிந்தால் கேடுதான். ஆனால் “கோடையில் விளக்கே வேண்டாம்” என்று முடிவு செய்துவிடவும் கூடாது. கோடை இரவில்கூட விடியற்காலையில் 80 டிகிரிக்கு இறங்கும். முதல் வாரக் குஞ்சுக்கு அதுவும் குளிரே. பகலில் அணைத்து இரவில் போடுவது கோடைக்கு ஏற்ற முறை.

குஞ்சே வெப்பமானி

வெப்பமானி வாங்க வசதியில்லாதவரும் குஞ்சைப் பார்த்தே உஷ்ணத்தை அறியலாம். வெப்பமானி உள்ளவரும் குஞ்சைத்தான் முடிவாக நம்ப வேண்டும்.

குஞ்சுகள் விளக்கின் அடியில் ஒன்றன் மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு, விடாமல் கீச்சென்று கத்தினால் குளிர் அதிகம். விளக்கை விட்டு விலகி, தடுப்பின் ஓரமாக வட்டமாகப் போய் நின்று, வாயைத் திறந்து இறக்கையைத் தொங்கவிட்டு இளைத்தால் சூடு அதிகம். எல்லாக் குஞ்சுகளும் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து குளிர்காற்று அடிக்கிறது; அங்கே சாக்குக் கட்ட வேண்டும். வட்டம் முழுவதும் பரவி, சில தின்று, சில குடித்து, சில கால் நீட்டிப் படுத்து, மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தால் உஷ்ணம் சரி.

இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாதம் சில்லென்று இருந்தால், மேலே எத்தனை விளக்கு எரிந்தாலும் குஞ்சு குளிரில் இருக்கிறது என்று பொருள். குஞ்சு வந்து எட்டுப் பத்து மணி நேரம் ஆன பிறகு, பத்துக் குஞ்சுகளை எடுத்து இரைப்பையை மெதுவாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். தீவனமும் தண்ணீரும் கலந்து மெத்தென்று நிறைந்திருந்தால் நல்லது. பல குஞ்சுகளுக்கு வெறுமையாக இருந்தால், தீவனத்தைக் குறை சொல்வதற்கு முன் உஷ்ணத்தைப் பார்க்க வேண்டும்.

நூறு குஞ்சுக்கு என்ன வேண்டும்?

பெரிய பண்ணைகளில் உள்ளது போல விலையுயர்ந்த சாதனம் எதுவும் சிறு விவசாயிக்குத் தேவையில்லை. கவிழ்த்த மூங்கில் கூடை ஒன்று, அதற்குள் குண்டு பல்புகள், சுற்றிலும் ஒன்றரை அடி உயரத் தடுப்பு ஆகியவை போதும். தடுப்பை அட்டையிலோ தகரத்திலோ மூங்கில் தட்டியிலோ செய்யலாம். 100 குஞ்சுக்கு 6 அடி குறுக்களவுள்ள வட்டம் தொடக்கத்தில் சரியாக இருக்கும். வட்டமாக இருப்பது அவசியம். மூலை இருந்தால் குஞ்சுகள் அதில் குவிந்து மூச்சுத் திணறிச் சாகும். குஞ்சுகள் வளர வளர வட்டத்தை விரித்து, பத்துப் பதினைந்து நாளில் எடுத்துவிடலாம்.

வட்டம் முழுவதையும் ஒரே சூட்டில் வைக்கக் கூடாது என்பதையும் கவனிக்க வேண்டும். விளக்குப் பக்கம் 95 டிகிரி, தடுப்பு ஓரம் அதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி குறைவு என்று இருந்தால், குஞ்சு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். தாய்க் கோழியிடம் கிடைப்பதும் இந்த வசதிதான்.

கோடையில் குஞ்சுக்கு 1 வாட், குளிர் காலத்தில் 2 வாட் என்பது கணக்கு. அதன்படி 100 குஞ்சுக்குப் பனிக்காலத்தில் 100 வாட் பல்பு இரண்டு வேண்டும். ஒரே பல்பாக வைக்காமல் இரண்டாக வைப்பது நல்லது; நள்ளிரவில் ஒன்று போய்விட்டாலும் மற்றொன்று எரியும். விளக்கை ஏற்றி இறக்கும்படி சங்கிலியிலோ கம்பியிலோ தொங்கவிட வேண்டும். மின்கம்பியைப் பிடித்தே தொங்கவிடுவதும், பல்பு கூடையையோ கூளத்தையோ தொடும்படி வைப்பதும் தீ விபத்தில் முடியும்.

கூளத்தின் மேல் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் செய்தித்தாள் விரித்து, நாள்தோறும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சு தீவனம் என்று எண்ணி உமியைக் கொத்தும். வழவழப்பான தாள் கூடாது. கால் வழுக்கி அகன்று குஞ்சு முடமாகிவிடும். தீவனத் தட்டையும் தண்ணீர்த் தட்டையும் விளக்குக்கு நேர் அடியில் வைக்காமல் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். பனிக்காலத்தில் தொட்டித் தண்ணீரை அப்படியே வைக்காமல் வெதுவெதுப்பாக்கி வைப்பது நல்லது.

எல்.இ.டி. விளக்கில் சூடில்லை

இக்காலத்தில் புதிதாக ஒரு தவறு நுழைந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்துக்குப் பின் எல்.இ.டி. விளக்குகள் வீடுகளில் வேகமாகப் பரவின. மின்சாரச் சிக்கனத்துக்கு அது நல்லதே. ஆனால் கடையில் குண்டு பல்பு கிடைக்கவில்லை என்று, 9 வாட் எல்.இ.டி. விளக்கைக் குஞ்சுக் கூடையில் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். வெளிச்சம் பழைய பல்பு போலவே இருக்கிறது. கதகதப்பு மட்டும் இல்லை. பழைய 100 வாட் பல்பு, செலவழித்த மின்சாரத்தின் பெரும்பகுதியைச் சூடாகத்தான் வெளிவிட்டது. வீட்டு விளக்குக்கு அது குறை. குஞ்சுக்கு அதுதான் நிறை.

குண்டு பல்பு கிடைக்காதவர்கள், கோழிப் பண்ணைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் அகச்சிவப்பு விளக்கை வாங்கலாம். 250 வாட் விளக்கு ஒன்று 200 முதல் 250 குஞ்சுகளுக்குப் போதும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட்டுத் தொடங்கி, குஞ்சுகள் நடந்துகொள்வதைப் பார்த்து ஏற்றவோ இறக்கவோ வேண்டும்.

மின்சாரம் நின்றால்?

இரவில் மின்சாரம் நின்றால் சூடும் வெளிச்சமும் ஒரே நொடியில் போய்விடுகின்றன. குஞ்சுகள் மிரண்டு குவிகின்றன. முதல் அரை மணி நேரத்திலேயே பல நசுங்கிவிடும். வீட்டு இன்வெர்ட்டரை நம்புவதும் சரியல்ல. 200 வாட் விளக்கு பத்து மணி நேரம் எரிய 2 யூனிட் மின்சாரம் வேண்டும். சாதாரண வீட்டுப் பேட்டரி ஒன்றில் அவ்வளவு இருப்பு இல்லை.

கைக்கெட்டும் ஏற்பாடுகளே போதும். வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பிளாஸ்டிக் கேன்களைச் சாக்கில் சுற்றி, வட்டத்துக்குள் இரண்டு மூன்று இடங்களில் வைத்தால் குஞ்சுகள் அவற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அடுப்பில் சூடாக்கிய செங்கல்லைச் சாக்கில் சுற்றி வைத்தாலும் சரி. மங்கலாக எரியும் சார்ஜ் விளக்கு ஒன்று கொட்டகையில் இருந்தால் குஞ்சுகள் மிரளாது.

துளையிட்ட மண் பானையில் கரி நெருப்பிட்டு, சாம்பல் தூவி வைக்கும் பழைய முறையும் பயன் தரும். சூடு நிதானமாக நெடுநேரம் நிற்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. கரி நெருப்பிலிருந்து நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு வரும். கொட்டகையை நாற்புறமும் அடைத்துக் கரி நெருப்பு வைத்தால் குஞ்சும் சாகும், காவலுக்குப் படுத்திருக்கும் மனிதரும் சாகக்கூடும். கரிப் பானை வைக்கும் கொட்டகையில் காற்று போக வழி இருக்க வேண்டும். ஆள் அதற்குள் படுக்கக் கூடாது.

விளக்கு மட்டும் வைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். குளிருக்குப் பயந்து கொட்டகையைக் கூரை வரை சாக்கால் மூடிவிடுகிறார்கள். உள்ளே ஈரமும் எச்ச நெடியும் தேங்கி, கண் எரியும் அளவுக்குப் போகிறது. ஈரக் கூளத்தில் பூசணம் பிடித்தால் அது குஞ்சின் நுரையீரலில் புகும். சாக்கைக் கீழிருந்து கட்டி, மேலே ஓர் அடி திறந்து விட வேண்டும். குஞ்சின் மேல் காற்றடிக்கக் கூடாது. கொட்டகையில் காற்று நிற்கவும் கூடாது.

கணக்குப் பார்த்தால்

“கரண்டு பில் கட்டி மாளாது” என்பது பலர் சொல்லும் காரணம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பனிக்காலத்தில் 100 குஞ்சுக்கு முதல் இரண்டு வாரம் 200 வாட் விளக்கை நாளுக்கு 16 மணி நேரம் எரித்தால் ஏறத்தாழ 45 யூனிட். மூன்றாம் வாரம் இரவில் மட்டும் 100 வாட் 12 மணி நேரம் எரித்தால் 8 யூனிட்டுக்குச் சற்று அதிகம். மொத்தம் 53 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 424 ரூபாய். ஒரு குஞ்சின் விலை 40 ரூபாய் என்றால், 11 குஞ்சைக் காப்பாற்றினாலே அந்தச் செலவு திரும்பிவிடும். முன்னே சொன்ன வீட்டில் போனது 40 குஞ்சு. அதாவது 1,600 ரூபாய். வளர்ந்து விற்றிருந்தால் வரக்கூடிய பணம் இதில் சேரவில்லை. சிக்கனம் செய்ய வேண்டிய இடம் முதல் பதினைந்து இரவுகள் அல்ல என்பதை இந்தக் கணக்கே காட்டும்.

செய்ய வேண்டியவர்கள் விவசாயிகள் மட்டுமல்ல

எல்லாப் பழியையும் விவசாயி மேல் போடுவதும் நியாயமாகாது. குஞ்சு விற்பவர்கள் தீவனத்தையும் மருந்தையும் பற்றிச் சொல்லும் அளவுக்கு உஷ்ணத்தைப் பற்றிச் சொல்லுவதில்லை. ஒவ்வொரு குஞ்சுப் பெட்டியுடனும் பொரித்த நாளையும், வாரவாரம் இருக்க வேண்டிய உஷ்ணத்தையும் எழுதிய ஒரு சீட்டைக் கொடுப்பது பெரிய செலவல்ல. குஞ்சுகளை மாலையில் கொடுக்காமல் காலையில் கொடுக்க வேண்டும். காலையில் வந்த குஞ்சு பகல் முழுவதும் தின்று, குடித்து, விளக்கடிக்கு வரப் பழகிக்கொண்டு முதல் இரவைச் சந்திக்கும். வாங்குபவர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பயிற்சி தரும் முறையும் மாற வேண்டும். பகலில் மண்டபத்தில் ஆண்களை உட்காரவைத்து, துண்டுப் பிரசுரம் கொடுத்து அனுப்பினால் குஞ்சு பிழைக்காது. பெரும்பாலான வீடுகளில் இரவில் எழுந்து குஞ்சைப் பார்ப்பவர் அந்த வீட்டுப் பெண்மணி. பயிற்சி அவருக்கு, அவருடைய கொட்டகையிலேயே, குளிர் தெரியும் நேரத்தில் தரப்பட வேண்டும். குஞ்சின் பாதத்தைக் கன்னத்தில் வைத்து ஒரு முறை பார்த்தவருக்குப் பிரசுரம் தேவைப்படாது.

அரசுத் திட்டங்கள் இந்த ஆபத்தை உணர்ந்தே அமைக்கப்பட்டிருக்கின்றன. மத்திய அரசின் புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டத்தில் தாய்ப் பண்ணை என்னும் ஏற்பாடு வந்தது. பொரித்த குஞ்சை அங்கே நான்கு வாரம் வளர்த்து, பிறகு ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுப்பதே அதன் நோக்கம். தமிழக அரசின் நாட்டுக் கோழித் திட்டங்களிலும் நான்கு வாரக் குஞ்சுகள் வழங்கப்பட்டதுண்டு. சொந்தப் பணத்தில் வாங்குபவருக்கும் இதே யோசனை பொருந்தும். இரவில் எழுந்து பார்க்க வீட்டில் ஆளில்லை, மின்சாரம் நிலையில்லை என்றால், விலை கூடினாலும் நான்கு வாரக் குஞ்சாக வாங்குவதே லாபம்.

அதைவிட நல்ல வழி ஒன்று ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஐந்து பேர் தலைக்கு 50 குஞ்சு வாங்குவதாக இருந்தால், ஐந்து வீட்டில் ஐந்து விளக்கு எரிப்பதைவிட, 250 குஞ்சையும் ஒரே கொட்டகையில் வளர்த்து நான்கு வாரத்துக்குப் பின் பிரித்துக்கொள்ளலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று அதற்குப் போதும். இரவுக் காவலை முறை வைத்துக்கொள்ளலாம். ஐந்து நாளுக்கு ஒரு முறைதான் ஒருவர் தூக்கம் கெடும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதை எளிதில் எடுத்து நடத்தலாம். குஞ்சுகள் அனைத்தும் ஒரே இடத்தில், ஒரே நாளில் பொரித்தவையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். வயது கலந்தால் நோய் கலக்கும்.

குஞ்சுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு விவசாயியும் ஓர் இரவு ஒத்திகை பார்ப்பது நல்லது. கூடையையும் விளக்கையும் பொருத்தி, வெப்பமானியைத் தொங்கவிட்டு, விடியற்காலை 4 மணிக்கு எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். அது 95 டிகிரி காட்டினால் மறுநாள் குஞ்சுக்குச் சொல்லி அனுப்பலாம். காட்டாவிட்டால், குஞ்சு வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் இன்னொரு பல்பும் நாலு சாக்கும் வாங்க வேண்டும்.